பத்துக் கன்றும் ஒரு புளியமரமும்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகிற சாலையில் அய்யலூரைக் கடந்து பல வருஷங்களாகப் பிரயாணம் செய்து வருகிற எனக்கு, பள்ளிக்கூடச் சுவர்களிலும் அலுவலக வாசல்களிலும் பச்சை எழுத்தில் தீட்டியிருக்கும் ‘மரம் நடுவோம், மழை பெறுவோம்’ என்ற வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கசந்துபோகிறது. மத்திய சர்க்காரில் உணவு, விவசாய மந்திரியாக இருந்த கே. எம். முன்ஷி 1950-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வனமகோத்ஸவத்தைத் தொடங்கிவைத்த காலம்தொட்டு, குழி தோண்டிக் கன்றை வைத்து நீர் வார்ப்பதோடு மரத்துக்குச் செய்யவேண்டிய கைங்கரியம் முடிந்துவிடுகிறது என்ற பிரமை நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. அந்த வாசகம் பிழையானது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

மழையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று தன் சுமையைப் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வர, ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து வரும் மழையையே பெரிதும் நம்பியிருக்கிற பூமி இது. பேரூராட்சி மைதானத்தில் நட்ட நூறு கன்றுகள் அந்த மழையை அழைத்துவரப் போவதில்லை. பெய்த மழையைச் சரிவில் ஓடவிடாமல் வேரால் பிடித்து மண்ணுக்குள் இறக்கிக் கிணறுகளுக்கு அனுப்புவதே அய்யலூரை அடுத்த மலைக்காடு செய்கிற உபகாரம், அதையும் வேரோடிய மரந்தான் செய்யும்.

எந்த மரமானால் என்ன, பச்சை பச்சைதானே என்பாரும் உண்டு. சீமைக்கருவேலத்தை அகற்றப் படாதபாடு படுகிற இந்த நாட்டில் அதற்குப் பதில் சொல்வதும் வீண்.

என்னை உண்மையில் வருத்துவது, ‘ஒன்றை வெட்டினால் பத்து நடுகிறோம்’ என்ற சமாதானமே. சாலையை நான்கு வழியாக்கியபோது இரு மருங்கிலும் நின்ற பழைய புளியமரங்கள் போயின. ஆண்டுதோறும் மகசூலை ஏலம் விட்டுச் சர்க்காருக்கு வருமானம் தந்த மரங்கள் அவை. மாசியிலும் பங்குனியிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டை எடுத்துக் கூலி பெற்ற பெண்களுக்குச் சோறு போட்ட மரங்கள் அவை. பொதி மாடும் பாரவண்டியும் இளைப்பாறிய நிழலும் அவற்றினுடையதே. இன்று சாலையின் நடுத்திட்டில் அரளி பூத்திருக்கிறது. ஆடு வாய்வைக்காது, வெயிலுக்கு வாடாது என்பதற்காக வைத்த அந்த அரளியின் நிழலில் ஒரு மனிதன் நிற்க முடியுமா? ஓரத்தில் நட்ட கன்றுகளின் கதியையும் பிரத்தியட்சமாகக் கண்டேன்: முள்வேலி சரிந்து, நுனி கடிக்கப்பட்டு, விரற்கடை உயரக் குச்சியாக நின்றது ஒரு கன்று, அன்று வியாழக்கிழமை, அய்யலூர்ச் சந்தைக்கு ஆடுகள் போகிற நாள். ஆட்டின்மேல் குற்றம் இல்லை, காவல் வைக்காதவர்கள் மேல்தான் குற்றம்.

இன்னும் கேளுங்கள். இந்த வட்டாரத்துக் காடுகளில் தேவாங்கு என்றொரு சாது ஜீவன் வாழ்கிறது. அதற்கென்று இந்தியாவிலேயே முதலாவது சரணாலயம் கடவூரின் பெயரால், கரூர், திண்டுக்கல் ஆகிய இரு மாவட்டங்களிலும் 11,806 ஹெக்டேர் பரப்பில், 2022-ஆம் ஆண்டு அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இரவெல்லாம் பூச்சி புழுக்களைப் பிடித்துத் தின்று உழவனுக்கு உதவுகிற இந்தப் பிராணிக்குக் குரங்கைப்போல் தாவத் தெரியாது. முன்கையால் அடுத்த கிளையை இறுகப் பற்றிக்கொண்ட பிறகே பின்காலைப் பழைய கிளையிலிருந்து மெல்ல எடுக்கும். ஆகவே உசிலையும் வெள்வேலும் கிளையோடு கிளை பின்னி நிற்கிற இடமெல்லாம் அதற்கு வழி. நடுவில் ஒரு மரம் போனால் வழி அறுந்து, அது தரையில் இறங்கி, வண்டிச் சக்கரத்துக்கும் நாய்க்கும் இரையாகிறது. பத்தடிக்கு ஒன்றாக வரிசை பிடித்து நட்ட பத்துக் கன்றுகள் ஒன்றையொன்று தொடுவதற்கு எத்தனை வருஷமாகும், அதுவரையில் அந்த ஜீவன் எங்கே போகும் என்பதைக் கணக்குப் போட்டவர் யார்? எண்ணிக்கையில் ஒன்றுக்குப் பத்து என்பது லாபமாகத் தோன்றலாம். காட்டின் கணக்கில் அது நஷ்டம்.

நடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நட்டவர் மூன்று கோடையாவது குடம் சுமக்கவேண்டும். அதற்கும் முன்னதாக, நிற்கிறதைக் காக்கவேண்டும். வருகிற ஆடியில் மண்வெட்டியோடு புறப்படுகிற அன்பர்களையும், சாலையை விரிக்கத் திட்டம் போடுகிற அதிகாரிகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அய்யலூரிலிருந்து மலையை நோக்கிப் போகிற சிறு சாலைகளில், இருபுறத்து மரங்களும் தலைக்குமேல் கிளை கோத்து நிற்கிற இடங்களில் தயவுசெய்து கோடரி வைக்காதீர்கள்.