மழை விடுமுறையும் மதிய உணவும்

வானம் கறுத்தால் உழவன் உள்ளம் குளிரும். பள்ளிப் பிள்ளையின் உள்ளமோ துள்ளும்! ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, "மாவட்ட ஆட்சித் தலைவர் விடுமுறை அறிவித்துவிட்டார்" என்ற செய்தியைப் போல் இனிக்கும் செய்தி நம் பகுதிப் பிள்ளைகளுக்கு வேறொன்று இல்லை. பனி கொட்டும் நாட்டுப் பிள்ளைகளுக்குப் பனி விடுமுறை எப்படியோ, அப்படியே நமக்கு மழை விடுமுறை.

அந்த மகிழ்ச்சியைக் குறை கூறுவோர் கட்சியில் நான் இல்லை. ஏரிக் கலங்கலில் நீர் வழிவதைப் பார்க்க ஓடுவதும், வாய்க்காலில் துண்டு விரித்துக் கெண்டை பிடிப்பதும், காகிதக் கப்பல் விடுவதும், திண்ணையில் தாயம் உருட்டுவதும் வீண்பொழுது அல்ல. ஏரி எப்படி நிரம்புகிறது என்பதைக் கண்ணால் காணும் பிள்ளை, புத்தகத்தில் இல்லாத பாடத்தையன்றோ படிக்கிறது!

ஆனால் நண்பர்களே, இந்த மகிழ்ச்சி எல்லா வீட்டிலும் ஒன்றாக இருக்கிறதா? மெத்தை வீட்டுப் பிள்ளைக்கு மழை ஒரு வேடிக்கை. கூரை வீட்டுப் பிள்ளைக்கோ, ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கும் வேலை. சாலவாக்கமானாலும் மானாம்பதியானாலும், அடைமழை நாளில் வயல் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. கூலி இல்லாத அதே நாளில்தான் பள்ளியின் அடுப்பும் அணைந்து கிடக்கிறது. என்னே முரண்!

பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில் 1956இல் தொடங்கிய மதிய உணவு, எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982 ஜூலை முதல் நாள் சத்துணவாக வளர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஆகவே இன்று ஒரு நாள் மழை விடுமுறை என்றால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு வேளைச் சோறு இல்லை என்பது பொருள்.

விடுமுறையால் பாடம் கெடுகிறதே என்று கவலைப்படுவோர் பலர். அதற்காகவே சனிக்கிழமைகளில் ஈடுகட்டும் வகுப்புகள் நடக்கின்றன. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிய பெருவெள்ளத்தின்போது, அரையாண்டுத் தேர்வே அடுத்த ஆண்டு ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. அமெரிக்காவிலும் இதே கவலைதான். 2024 பிப்ரவரி 13 அன்று நியூயார்க் நகரம் பனிப்புயலுக்காகப் பள்ளிக் கட்டிடங்களை மூடிவிட்டு, இணையவழியில் பாடம் நடத்த முனைந்தது. பல பிள்ளைகள் உள்ளே நுழைய முடியாமல் தவித்ததுதான் கண்ட பலன். பாடத்திற்கு எத்தனை மாற்று ஏற்பாடுகள்! சோற்றுக்கு என்ன ஏற்பாடு? பாடத்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைக்கலாம். பசியைத் தள்ளி வைக்க முடியுமா?

பள்ளி நாளில் எக்காரணத்தாலேனும் மதிய உணவு வழங்கப்படாவிடில், அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தரவேண்டும் என்று மைய அரசின் 2015ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விடுமுறை நாளோ பள்ளி நாள் கணக்கில் வருவதில்லை. பசிக்கு இந்தக் கணக்குத் தெரியுமா?

வழி இல்லாமல் இல்லை. 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் உலர் உணவுப் பொருள்களாக நம் மாநிலத்தில் வழங்கப்பட்டன. அதையே மழைக்காலத்திற்கும் செய்யலாகாதா? பருவமழை தொடங்குமுன் சில நாள்களுக்கான பொருள்களைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். மழை விட்டு வெயில் அடிக்கும் விடுமுறை நாள்களும் உண்டு; அன்று பள்ளிக்கு அருகிலேயே குடியிருக்கும் பிள்ளைகளுக்காவது அடுப்பைப் பற்ற வைக்கலாம்.

"வெள்ளத்தில் சமையலர் எப்படி வருவார்?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். வழி அடைபட்ட நாளில் யாரையும் வரச் சொல்லலாகாது. அதனால்தான் பொருளை முன்கூட்டியே வீடு சேர்க்க வேண்டும் என்கிறேன். "செலவு ஆகுமே" என்பாரும் உளர். பள்ளி நடந்திருந்தால் அந்த அரிசி அன்று உலையில் வெந்திருக்கும் அல்லவா?

மழைக்கு முன்னேற்பாடு செய்வது நம் ஊருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த விதத்தைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். மழை வந்தபின் கரையைத் தேடி ஓடாமல், ஏரியைக் காப்பதற்கென்றே பொறுப்பானவர்களை வைத்திருந்த ஊர் இது! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஏரிக்குச் செய்த ஏற்பாட்டை, இன்று பிள்ளைகளின் வயிற்றுக்குச் செய்ய முடியாதா?

கல்லூரி மாணவர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், தத்தம் ஊர்களில் மழை நாளில் அடுப்பு எரியாத வீடுகள் எவை எனக் கணக்கெடுத்து, மழைக்கு முன்பே தலைமை ஆசிரியரிடமும் ஊராட்சியிடமும் தரலாம்.

மழை விடுமுறை இருக்கட்டும். பிள்ளைகள் ஆடட்டும், நனையட்டும், மீன் பிடிக்கட்டும். ஆனால் வயிறு நிறைந்த பிள்ளைக்குத்தான் அது விடுமுறை. பசித்த பிள்ளைக்கு அது வெறும் நீண்ட பகல். பாடத்திற்கு விடுமுறை விடுவோம். சோற்றுக்கு விட வேண்டாம்.

— இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்