சூலூருக்கு ஒரு சீ ஹாக் வேண்டும்

கண்ணுகளா, சொந்தங்களே,

பழைய கடற்படை விமானம் ஒன்றைக் கேட்டு வாங்கி இங்கே காட்சிக்கு வைக்கணும் என்றேன். "கடலே இல்லாத கோயமுத்தூருக்கு அது எதுக்குங்க வாத்தியாரே?" என்கிறீர்கள்.

கோவாவில் இருக்கிற ஐ.என்.எஸ். ஹன்சா தொடங்கப்பட்டது நம்ம சூலூரில், 1961 செப்டம்பரில். சீ ஹாக் ஜெட்டுகள் இங்கேதான் பறந்தன. 1964-ல்தான் தளம் டபோலிமுக்குப் போனது. 1971 டிசம்பர் 4 அன்று விக்ராந்த் கப்பலிலிருந்து கிளம்பி காக்ஸ் பஜாரைத் தாக்கியதும் சீ ஹாக்தான்.

கோவா அருங்காட்சியகத்தில் சீ ஹாக் இருக்கிறது, சந்தோஷம். அந்த விக்ராந்தையோ 2014-ல் உடைத்தார்கள். அதன் இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாகி ஷோரூமுக்கு வந்தது. வாங்கி ஓட்டியவர்களைக் குறை சொல்லவில்லை, விற்றவர்களைச் சொல்கிறேன்.

பராமரிப்புச் செலவாம்! ஓய்வு பெற்ற எனக்கே பென்ஷன் தருகிறார்கள். லேத்தும் பம்பு செட்டும் செய்கிற ஊரில் ஒரு விமானத்தைத் துருப்பிடிக்காமல் காக்க ஆள் கிடைக்காதா? கப்பலுக்குள் அடங்க மடிகிற அந்த இறக்கையைப் பிள்ளைகள் எத்தனை காலம் படத்திலேயே பார்ப்பது?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஞாயிறு காலை அரங்கநாதர் கோயில் முன்னால் வாருங்கள்.