குழந்தை நலம்: ஈரல் மாற்றிய பிள்ளையின் பிற்காலம்

ஈரல் மாற்றுச் சிகிச்சை பெற்ற குழந்தை வீடு திரும்பினால், "இனி எத்தனை நாளோ?" என்று அக்கம்பக்கத்தார் இரங்குகின்றனர். அவ்வையத்திற்கு நம் தமிழகமே நல்ல விடை தந்துள்ளது.

காஞ்சிபுரத்துச் சஞ்சய் கந்தசாமி, பித்தநாள அடைப்போடு பிறந்தவர். 1998 நவம்பரில், இரண்டு வயதும் நிரம்பாத அவருக்கு, டில்லி இந்திரப்பிரஸ்த அப்போலோ மருத்துவமனையில் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தினர். இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் ஈரல் மாற்று அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவம் பயின்று, தாமே மருத்துவரானார்.

1963-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் ஸ்டார்சல் முதன்முதலாக இம்முயற்சி செய்தபோது, குழந்தை அறுவையின்போதே உயிர்நீத்தது. இன்றோ, தேர்ந்த மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் குழந்தைகளிற் பெரும்பாலோர் பத்தாண்டு கடந்தும் வாழ்கின்றனர்; பள்ளி செல்கின்றனர்; தொழில் புரிகின்றனர்; பெண்கள் தாய்மையும் அடைகின்றனர்.

ஆயினும், அறுவையோடு கடமை முடிந்துவிடுவதில்லை. பிறர் உறுப்பை உடல் பகையாகவே கருதும். அப்பகையை அடக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்தைப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும், நாள்தோறும், குறித்த வேளையில் உட்கொள்ளவேண்டும். பதினான்கு, பதினைந்து வயதில், "எனக்கு நோயே இல்லையே!" என்று பிள்ளைகள் மாத்திரையைக் கைவிடுவதுண்டு. நோவு ஏதுமின்றியே ஈரல் கெடத் தொடங்கும். இரத்தப் பரிசோதனைதான் அதைக் காட்டும். அம்மருந்து சிறுநீரகத்தைத் தாக்கலாம். இரத்த அழுத்தத்தை உயர்த்தலாம். ஆதலின் அவற்றையும் சோதிக்க வேண்டும். தடுப்பூசியோ, பச்சிலை மருந்தோ, எதுவாயினும் மருத்துவரைக் கேளாது கொடுத்தல் ஆகாது.

தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டங்களிலும் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும் வாழும் நம்மவர் பிழைப்பின் பொருட்டு அடிக்கடி இடம் பெயர்கின்றனர். துணிமூட்டை கட்டுமுன் மருத்துவக் குறிப்பேட்டை எடுத்து வையுங்கள். ஆடி மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடும். இரு வாரத்திற்கான மருந்து எப்பொழுதும் கையிருப்பில் இருக்கட்டும்.

மற்றொன்று: பிறந்து இரு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாமல், மலம் சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால், மந்திரிக்கச் செல்லாது உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். இரண்டு மாதத்திற்குள் கசாய் என்னும் ஜப்பானிய மருத்துவர் வகுத்த அறுவை செய்யப்பெற்றால், சிலருக்கு ஈரல் மாற்றே வேண்டியிராது.

தந்தை ஈரலைத் தந்தார், மருத்துவர் பொருத்தினார். அதனைக் காக்கும் பொறுப்போ நாள்தோறும் வீட்டாருடையது.