நாற்பது ஆண்டு அரசியல்: கொல்லிமலை ஓட்டாளருக்கு ஒரு பாடம்

கொல்லிமலைக்குப் போகும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தேர்தல் வந்துவிட்டால் அத்தனை வளைவுகளையும் தாண்டிக் கார்கள் மேலே ஏறும். "எத்தனையோ ஆண்டு அனுபவம் உள்ளவர் நம் வேட்பாளர்!" என்று ஒலிபெருக்கி முழங்கும்.

அனுபவம் நல்லதுதான். ஆனால் நீண்ட காலம் பதவியில் இருந்தவர் என்பது மட்டும் போதுமா?

இதற்கு விடை தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்திலேயே விடை இருக்கிறது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனின் வாழ்க்கைதான் அது.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

1889-ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பராயன். சென்னையில் படித்தார். பிறகு சீமைக்குப் போய் ஆக்ஸ்போர்டிலும் படித்தார். ஊர் திரும்பி வக்கீல் ஆனார். 1920-களில் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார்.

அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார்? நிலச்சுவான்தார்கள்! அவர்களுக்கென்றே அன்று தனித் தொகுதி இருந்தது. பொதுத் தொகுதிகளிலும் சொத்து உள்ளவருக்கும் வரி கட்டுபவருக்குமே ஓட்டு. மலையில் சாமையும் தினையும் விதைத்து வயிறு கழுவிய ஏழைக் குடும்பத்துக்கு ஓட்டு இல்லை.

37 வயதில் முதல் மந்திரி

1926 தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதிக இடம் பிடித்த சுயராஜ்யக் கட்சி மந்திரிசபை அமைக்க மறுத்துவிட்டது. கவர்னர் கோஷன் பிரபு சுப்பராயனை அழைத்தார். கட்சி சாராதவராக அவர் முதல் மந்திரி ஆனார். அப்போது அவருக்கு வயது 37.

1928-ல் சைமன் கமிஷன் வந்தது. அதில் இந்தியர் ஒருவர்கூட இல்லை. "திரும்பிப் போ!" என்று நாடே முழங்கியது. சுப்பராயனோ கமிஷனுக்கு ஆதரவாக நின்றார். அவருடைய சகமந்திரிகள் இருவர் ராஜினாமா செய்தார்கள். அவர் விலகவில்லை. 1930 வரை பதவியில் இருந்தார்.

இது அவர் வாழ்க்கையின் ஒரு பக்கம்.

கோவில் கதவு

மறுபக்கமும் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்கள் கோவிலுக்குள் நுழையக் கூடாது என்று தடை இருந்த காலம். அந்தத் தடையை நீக்க 1932-ல் சென்னை சட்டசபையில் மசோதா கொண்டு வந்தவர் சுப்பராயன். வைஸ்ராய் அதற்கு அனுமதி தரவில்லை. ஆனாலும் முயற்சி வீண் போகவில்லை. பின்னர் அவர் காங்கிரசில் சேர்ந்தார். 1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டம், கல்வி இலாகாக்களுக்கு மந்திரி ஆனார். 1939-ல் அந்த மந்திரிசபை ஆலயப் பிரவேசச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதே மந்திரிசபைதான் 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கொல்லிமலை அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது.

அன்று இந்தி, பின்பு மறுப்பு

1938-ல் பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயப் பாடம் ஆயிற்று. தமிழ்நாடு கொதித்தது. அப்போது கல்வி மந்திரி சுப்பராயன்தான்!

ஆண்டுகள் உருண்டன. நாடு விடுதலை பெற்றது. 1952-ல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வந்தது. ஆட்சிமொழியைப் பற்றி ஆராய மத்திய அரசாங்கம் கேர் தலைமையில் ஒரு கமிஷன் அமைத்தது. 1956-ல் அது கொடுத்த அறிக்கையை இருவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவர் வங்காளத்து மொழி அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி. மற்றவர் நம் சுப்பராயன். இந்தியை அவசரமாகப் புகுத்துவதை எதிர்த்து அவர் தனிக்குறிப்பு எழுதினார்.

மறு ஆண்டு திருச்செங்கோட்டில் நின்று பார்லிமெண்டுக்குப் போனார். இம்முறை ஓட்டுப் போட்டது ஏர் பிடித்த கை, தறி நெய்த கை. 1959-ல் மத்திய போக்குவரத்து மந்திரி. 1962-ல் மகாராஷ்டிர கவர்னர். அந்த ஆண்டு அக்டோபரில் காலமானார்.

அவர் மனைவி ராதாபாய் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். மகன்களில் ஒருவர் இந்தியத் தரைப்படைத் தளபதி ஆனார். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். ஒரே வீட்டில் எத்தனை வழிகள்!

பாடம் என்ன?

சுப்பராயன் கெட்டிக்காரர். கோவில் கதவைத் திறக்கப் பாடுபட்டவர். சைமன் கமிஷன் விஷயத்தில் மக்கள் மனத்துக்கு மாறாக நின்றவரும் அவரே. பதவியில் எத்தனை ஆண்டு என்ற கணக்கு இதில் எதையும் சொல்லாது. அந்த ஆண்டுகளில் யாருக்குப் பதில் சொன்னார் என்பதே கணக்கு. முதலில் நிலச்சுவான்தார்களுக்குப் பதில் சொன்னால் போதும். பிறகு எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இன்று கொல்லிமலையின் நிலை என்ன? அங்கே பெரும்பாலோர் 'மலையாளி' என்னும் பழங்குடியினர். கேரளத்தார் அல்ல, தலைமுறை தலைமுறையாக மலையை ஆண்ட தமிழர்கள். அவர்கள் மலை சேந்தமங்கலம் தொகுதியில் இருக்கிறது. இது பழங்குடியினருக்கான தனித் தொகுதி. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் இப்படிப்பட்டவை இரண்டே இரண்டு. மற்றது ஏற்காடு. 2008-ஆம் ஆண்டு தொகுதிகளைத் திருத்தி அமைக்கும் முன் மூன்று இருந்தன. மூன்றாவதான உப்பிலியபுரம் போய்விட்டது.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். இந்த விகிதப்படி பார்த்தால் 234-ல் இரண்டரை இடத்துக்குச் சற்று அதிகம் வரும். பார்லிமெண்டின் 39 இடங்களில் அரை இடம்கூட வராது. ஆகவே அங்கே தமிழ்நாட்டுப் பழங்குடியினருக்குத் தனித் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது.

தனித் தொகுதி என்றால் வேட்பாளர் பழங்குடியினராக இருக்க வேண்டும். ஓட்டுப் போடுவதோ எல்லோரும். சேந்தமங்கலத்தில் மலை மேல் இருப்பதை விட மலைக்குக் கீழே ஓட்டு அதிகம். ஆகவே ஜெயித்தவர் மலையை மறந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். மலை மக்கள் விடாமல் கேட்டால்தான் மறக்க மாட்டார்.

என்ன கேட்பது? வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. எத்தனை குடும்பங்களுக்குப் பட்டா வாங்கிக் கொடுத்தீர்கள்? பிரசவ வலி வந்தவளை நேரத்தில் ஆஸ்பத்திரி சேர்க்க என்ன செய்தீர்கள்? பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் தினமும் வருகிறாரா? அடுத்து தொகுதிகளைத் திருத்தும்போது மூன்றாவது இடத்தைக் கேட்டுப் பெறுவீர்களா?

சுப்பராயன் முதல் மந்திரியாக இருந்த நாளில் இந்த மலையின் ஏழைக்கு ஓட்டும் இல்லை, கேட்க உரிமையும் இல்லை. இன்று இரண்டும் உண்டு. கார் மேலே ஏறி வரும் நாளில் மட்டும் கேட்டால் போதாது. அது கீழே இறங்கிப் போன பிறகும் கேட்க வேண்டும்.