இயற்பியல் படித்தால் என்ன வேலை?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

கல்லூரியில் சேர்ந்த நாள் முதல், உறவினர் வீட்டுத் திருமணமோ துக்கமோ எதற்குப் போனாலும், தவறாமல் என்னிடம் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. "தம்பி, பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே இதற்கு விடை சொல்லித்தர எனக்கு முன்னே ஒருவரும் இல்லை. "பி.எட். முடிச்சு வாத்தியார் ஆகலாம், இல்லேன்னா தேர்வாணையப் பரீட்சை எழுதலாம்" என்று ஒப்புவிப்பேன். கேட்டவரும் தலையாட்டுவார். அதற்குமேல் இருவருக்குமே தெரியாது.

இசை, ஒலிப்பதிவு, அணு மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒரே கட்டுரையில் காணும் நண்பர்கள் வியப்படையலாம். மூன்றுக்கும் கல்லூரிப் படிப்புகள் இருக்கின்றன. மூன்றுக்கும் அடியில், நாம் ஆய்வுக்கூடத்தில் படிக்கின்ற அதே இயற்பியல்தான் கிடக்கிறது. ஆயினும் இவற்றின் பெயர் நம் வகுப்பறைகளில் ஒருநாளும் ஒலித்து நான் கேட்டதில்லை. இது சிறு குறையன்று என்பது என் கருத்து.

என் தந்தை மைக் செட் கடையில் வேலை செய்பவர். கடை அவருடையதன்று. திருவிழாவுக்கும் காதணி விழாவுக்கும் குழாய் ஸ்பீக்கரைத் தோளில் சுமந்துபோய்த் தென்னை மரத்தில் கட்டுபவர். மைக் ஊளையிட்டால், கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும். அப்பாவோ ஆம்ப்ளிஃபயர் பக்கம்கூடப் போகாமல், மைக்கை வாங்கி ஸ்பீக்கர் பார்க்காத பக்கமாகத் திருப்பிப் பிடிப்பார். ஊளை நின்றுவிடும். இந்த ஆண்டு எங்களுக்கு அலையியற்றிகள் பாடம் வந்தது. வெளியீட்டின் ஒரு பகுதி ஒத்த கட்டத்தில் உள்ளீட்டுக்கே திரும்பிவந்து, சுற்றின் மொத்தப் பெருக்கம் ஒன்றை எட்டினால், சுற்று தானாகவே அலைவுறத் தொடங்கும் என்ற பர்க்காசன் நிபந்தனையைப் பேராசிரியர் கரும்பலகையில் எழுதினார். எனக்கோ அப்பா மைக்கைத் திருப்பிப் பிடிக்கும் காட்சிதான் கண்முன் நின்றது. அன்றிரவு அவரிடம் சொன்னேன். "அதுக்குப் பேரெல்லாம் வச்சிருக்கானா?" என்று கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

அதே அப்பாதான், நான் ஒலிப்பதிவு படிக்கட்டுமா என்று கேட்டபோது, "பி.எஸ்ஸி. படிச்சிட்டு மைக் செட் போடப் போறியா?" என்று சினந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மின் அதிர்ச்சி வாங்கிய கைகள் அவருடையவை. ஆனால் 2009-ஆம் ஆண்டில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் விருது பெற்ற மூவரில் ஒருவரான ரசூல் பூக்குட்டி, கேரளத்தில் இயற்பியலில் பட்டம் பெற்றுவிட்டுப் பின்னர் பூனா திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு பயின்றவர் என்பதை அவருக்கு யார் சொல்வது? எனக்கே இது தெரிந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அப்படிப்பில் சேர மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் படித்திருக்க வேண்டுமாம். நம் சென்னைத் தரமணியில் உள்ள அரசு திரைப்படக் கல்லூரியிலும் ஒலித்துறை உண்டு. என் பள்ளித் தோழன் ஒருவன் அங்கே சேர ஆசைப்பட்டான். விண்ணப்ப அறிவிப்பைப் பற்றி அவனுக்குத் தெரியவந்தபோது, கடைசி நாள் கழிந்து பத்து நாளாகியிருந்தது. இன்று அவன் செல்போன் கடையில் நிற்கிறான்.

இசைக்கு வருவோம். இசை பயில்பவனுக்கு அறிவியல் எதற்கு, அறிவியல் பயில்பவனுக்கு இசை எதற்கு என்று நினைப்போர் சர் சி. வி. இராமனை மறந்துவிட்டார்கள். திருச்சிராப்பள்ளி அருகே திருவானைக்காவலில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரி என்னும் அரசுக் கல்லூரியில் பயின்றவர் அவர். ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1920-இல், மிருதங்கம் முதலிய நம் தோற்கருவிகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக அமைவதில்லை. அடுத்த சுரம் 1.59 மடங்கில் வந்து நிற்கும். அதனால் அது சத்தமாகுமேயன்றிச் சுருதியாகாது. வலந்தலையின் நடுவே பூசுகிற கரணை என்னும் கரும்பூச்சுதான், தோலின் எடையை ஏற்ற இடத்தில் கூட்டி, அம்மேற்சுரங்களை முழு மடங்குகளுக்கு இழுத்து வருகிறது என்று அவர் காட்டினார். பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் செய்து வைத்ததைத்தான் அவர் அளந்தார். சொல்லப்போனால், என் அப்பாவுக்கும் பர்க்காசனுக்கும் உள்ள உறவும் இதுவே.

"இசை குருவின் காலடியில் வருவது, வகுப்பறையில் வராது" என்பார்கள் பெரியவர்கள். பாதி உண்மை. எங்கள் தெருவில் தவில் வாசிக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், தகப்பனிடம் கற்று, எட்டு ஊருக்குப் பெயர் வாங்கியவர். கோயில் பணிக்கு விண்ணப்பிக்கப் போனால், இசைப்பள்ளிச் சான்றிதழ் எங்கே என்கிறார்கள். கைகளில் உள்ள வித்தை தாளில் இல்லை. இப்போது மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பில் இருக்கிறார். தவிலும் நாதசுரமும் பயில அங்கே தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அதற்குமேல் படிக்கச் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உண்டு. இதையும் அவருக்கு ஒருவர் தேநீர்க் கடையில்தான் சொன்னாராம்.

இனி என் அத்தையைப் பற்றி. சென்ற ஆண்டு அவருக்குத் தைராய்டு சுரப்பியில் புற்று என்று கண்டு அறுவை செய்தார்கள். பிறகு கதிரியக்க அயோடின் கொடுத்து, ஒரு தனியறையில் வைத்தார்கள். சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பார்க்க எவரும் போகக் கூடாது. அத்தை உள்ளிருந்து எனக்குத் தொலைபேசியில் அழுதார். "ஏன்டா, தீண்டக்கூடாதவ மாதிரி என்னை ஒதுக்கி வச்சிருக்காங்க? நீ படிச்சவன்தானே, சொல்லேன்." அயோடின் 131-இன் அரை ஆயுள் 8 நாள் என்று எனக்குத் தெரியும். சிதைவுச் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவேன். அத்தைக்குச் சொல்ல ஒரு வாக்கியம் வரவில்லை.

சொன்னவர் அப்பிரிவின் தொழில்நுட்பர், முப்பது வயதுக்குள் இருக்கும். "அம்மா, அந்த மருந்து உங்களுக்கு நல்லது பண்ணுது, வெளியில நிக்கிறவங்களுக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். நாளுக்கு நாள் குறையும். மீட்டர்ல அளந்து பாத்து நானே கதவைத் திறக்கிறேன்" என்றார். அத்தையின் அழுகை நின்றது. பாதியாக எட்டு நாள் ஆகும் பொருள் மூன்றாம் நாளே எப்படிக் குறையும் என்று நான் அவரைக் கேட்டேன். சிதைவு ஒரு பக்கம், சிறுநீரில் வெளியேறுவது மறுபக்கம், இரண்டின் வேகமும் கூடும் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் மாலை அத்தை வெளியே வந்தார்.

வேறு சோதனைகளுக்கு அவர்கள் பயன்படுத்தும் டெக்னீசியம் 99எம் என்பதன் அரை ஆயுள் வெறும் 6 மணி. காலையில் இருந்ததில் மறுநாள் காலை பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதனால் 66 மணி அரை ஆயுளுள்ள மாலிப்டினத்தை ஈயக் கவசத்துள் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பிறக்கும் டெக்னீசியத்தை அன்றாடம் கறந்துகொள்கிறார்கள். அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்துள்ள செல்லப் பெயர் பசு! கறந்ததை அளந்து, நேரம் குறித்து, உரிய நோயாளிக்கு உரிய அளவு செலுத்த வேண்டும். அங்கே கணக்குத் தவறினால் போவது மதிப்பெண் அன்று.

"நீங்க என்ன படிச்சீங்க?" என்றேன். பி.எஸ்ஸி. இயற்பியல், அதுவும் ஓர் அரசு கலைக் கல்லூரியில். பிறகு, 1963-இல் தொடங்கப்பட்ட மும்பை கதிர்வீச்சு மருத்துவ மையத்தில், அறிவியல் பட்டதாரிகளுக்கென்று அப்போது இருந்த பட்டயப் படிப்பு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இதற்கே தனிப் பட்டப்படிப்பும் இருக்கிறதாம். தகுதியான படிப்பு இல்லாதவரை இப்பணியில் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இடந்தராது. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றேன். விடுதி அறைத் தோழனின் மாமா சொன்னாராம்.

தேநீர்க் கடை, அறைத் தோழனின் மாமா! நம்மில் எத்தனை பேருக்கு அப்படி மாமாக்கள் இருக்கிறார்கள்? இடங்கள் குறைவு, போட்டி மிகுதி, தனியார் கல்லூரிகளில் கட்டணம் நம் வீட்டுக் கூரையைவிட உயரம் என்பதெல்லாம் நான் அறியாததன்று. எல்லோரும் போகலாம் என்றும் நான் சொல்லவில்லை. இடம் கிடைக்காமல் திரும்புவது வேறு, இடம் இருப்பதே தெரியாமல் திரும்புவது வேறு. முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

புதுத் துறை தொடங்குங்கள் என்று கேட்க எனக்கு வயதும் இல்லை, தகுதியும் இல்லை. நூலக வாயிலில் ஒரு பலகை போதும். எந்தப் படிப்பு, எந்த ஊர், கடைசி நாள் எது என்று யாரேனும் எழுதிவர வேண்டும். இவ்வாண்டு அந்த எழுத்து வேலையை நான் செய்கிறேன். இரண்டாவதாக, பருவத்துக்கு ஒரு பிற்பகல், இத்தொழில்களில் உள்ள பழைய மாணவர் ஒருவரை அழைக்கலாம். அத்தையின் மருத்துவமனைத் தொழில்நுட்பர் கேட்டால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒலியியல் செய்முறைக்கு வேண்டுமானால், கடைக்காரர் கழித்துவிட்ட பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் குழாய் ஸ்பீக்கர் ஒன்றும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. கல்லூரிக்குக் கொடுக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஒயர் மட்டும் மாத்தணும். நானே வந்து மாட்டித் தர்றேன்" என்றார்.