ஒப்பாரி பாடியவர்களிடம் பாடம் கேட்டவர்

1933இல் கோல்டு கோஸ்டின் (இன்றைய கானா) அக்ரோபோங் ஊரில், மிஷன் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி எஃப்ரயிம் அமு என்ற இசையாசிரியரை வேலையைவிட்டு அனுப்பியது. உள்ளூர்த் துணியைப் போர்த்திக்கொண்டு தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார், தம் மக்களின் இசை வழிபாட்டுக்கு ஏற்றது என்றார். அவர் செய்த குற்றம் இவ்வளவுதான். சில ஆண்டுகள் கழித்து அதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார் க்வபேனா என்கெட்டியா. அமு அங்கே இல்லை. அவருடைய பாடல்கள் இருந்தன.

1921இல் அசாந்தே வட்டாரத்து மாம்பொங்கில் பிறந்தவர் என்கெட்டியா. லண்டனில் மொழியியலும் இசையும் கற்றுத் திரும்பி, 1952இல் கோல்டு கோஸ்ட் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆய்வாளரானார். தம் மக்களான அக்கான்களின் ஒப்பாரியை ஆராய்ந்தார். அக்கான் பெண்களின் ஒப்பாரி வாய்க்கு வந்ததைச் சொல்லி அழுவதல்ல. இறந்தவரின் குலம், முன்னோர், அவர்கள் வாழ்ந்த ஊர், அவருக்குரிய சிறப்புப் பெயர்கள் எல்லாம் அதில் வந்தாக வேண்டும். ஏட்டில் ஏறாத குடும்ப வரலாற்றை அந்தப் பெண்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். 1955இல் வெளிவந்த என்கெட்டியாவின் ஒப்பாரி ஆய்வு நூல் அந்தப் பாடல்களை இலக்கியமாகவே வாசித்தது. சேகரித்ததைவிட இந்த மரியாதையே பெரிது என்று நினைக்கிறோம்.

1963இல் முரசுகள் பற்றி எழுதினார். அட்டும்பன் என்பது ஜோடி முரசு. ஒன்றுக்குத் தாழ்ந்த குரல், மற்றதற்கு உயர்ந்த குரல். அக்கான் மக்கள் பேசும் ட்வி மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை முரசில் வாசித்தால், பழகிய காதுக்கு வாக்கியம் புரிந்துவிடும். அரசனின் முன்னோர் புகழை வாய் திறக்காமலே சொல்லி முடிக்கிறார் கலைஞர். ஆப்பிரிக்க முரசை வெறும் இரைச்சலாகக் கேட்டவர்களுக்கு, ஒவ்வொரு அடியையும் எழுதிக் காட்டிப் பதில் சொன்னார் என்கெட்டியா. ஆவேசக் கட்டுரைகளால் ஆகிற காரியமல்ல இது.

கானாவின் விடுதலைக்குப் பின், அக்ராவின் லெகான் பகுதியிலுள்ள பல்கலைக்கழகத்தில் நாட்டின் தலைவர் என்க்ருமா தொடங்கிவைத்த ஆப்பிரிக்கவியல் நிறுவனத்துக்கு, 1965இல் முதல் ஆப்பிரிக்க இயக்குநரானார். பட்டம் பெறாத முரசுக் கலைஞர்கள் அங்கே ஆசிரியர்களாக வந்தார்கள். நடனக் கலைஞர் மாவெரே ஒப்போக்குவோடு சேர்ந்து கானா நடனக் குழுவையும் வளர்த்தார். சடங்கிலிருந்து பிரித்து மேடையேற்றினால் ஆட்டத்தில் பாதி போய்விடும் என்ற குறையைத் தள்ளிவிட முடியாதுதான். ஆனாலும், பள்ளியிலும் ஆலயத்திலும் இகழப்பட்ட கலை பல்கலைக்கழகத்தில் பாடமானதை நாம் சிறிதாக எண்ண மாட்டோம்.

பிறகு கலிபோர்னியாவிலும் பிட்ஸ்பர்க்கிலும் கற்பித்தார். 1974இல் வந்த அவருடைய ஆப்பிரிக்க இசை நூல் உலகெங்கும் பாடநூலாயிற்று. அவர் லெகானுக்கே திரும்பினார். 2019 மார்ச்சில், 97 வயதில் அக்ராவில் காலமானார்.

அவருடைய ஒலிப்பதிவுகள் லெகான் ஆவணகத்தில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் கேட்கட்டும். அதற்கு முன், பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊர்களுக்கு அவை போய்ச் சேர வேண்டும். அங்கே இன்றைக்கு ஒப்பாரி பாடத் தெரிந்தவர்கள் இருந்தால், அவர்களைப் பதிவு செய்யும் வேலையும் உடனே தொடங்க வேண்டும்.