108 வரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும் கைகள்... பிரசவ அறை நர்ஸுகளின் பயிற்சி ஏன் முக்கியம்?

அன்னவாசலில் இருந்து புதுக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர். பஸ்ஸில் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. ஆனால், குழந்தை பிறந்தபிறகு உதிரப்போக்கு நிற்காத பெண்ணுக்கு? ஆம்புலன்ஸ் வந்து, ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, ராணியார் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, எல்லாம் சரியாக நடந்தாலே ஒரு மணி நேரம் ஓடிவிடும். கட்டுக்கடங்காத உதிரப்போக்கோ இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு தாயின் உயிரைப் பறித்துவிடக்கூடியது.

மூச்சு விடாமல் பிறக்கும் சிசுவுக்கு அந்த அவகாசமும் கிடையாது. முதல் நிமிடத்துக்குள் யாராவது சரியான காரியத்தைச் செய்தாக வேண்டும்.

இந்த இரண்டு நேரங்களிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் நர்ஸ்தான். ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதவைத் தட்டினால் திறப்பவரும் அவர்தான். ஒரு நிலையத்துக்கு மூன்று நர்ஸுகளை நியமித்து, ஷிப்ட் முறையில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாடு முன்பே செய்துவிட்டது.

அதன் பலன் கண்ணெதிரே இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. 2018-20 கணக்கில், ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறந்தால் தமிழ்நாட்டில் இறக்கும் தாய்மார்கள் 54 பேர். இந்திய சராசரி 97. ஆக, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்ற சண்டை இங்கே எப்போதோ முடிந்துவிட்டது. இனி கேட்க வேண்டியது, ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான். மீதமிருக்கும் அந்த 54 பேரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒருவர்தானே!

இந்தக் கதையில் புதுக்கோட்டைக்குத் தனி உரிமை உண்டு. 1886-ல் இங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, எழும்பூர் தாய் சேய் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றியவர். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதே எழும்பூர் மருத்துவமனை 1844-ல் பிரசவ ஆஸ்பத்திரியாகத் தொடங்கியது. 1854 முதல் பேறுகால உதவியாளர்களுக்கு முறைப்படி பயிற்சி தரத் தொடங்கினார்கள். ‘பிரசவம் பார்ப்பது தனியாகக் கற்க வேண்டிய வித்தை’ என்பது நம் ஊருக்கு ஒன்றும் புதுச் செய்தி இல்லை.

சரி, நர்ஸிங் படித்து வந்தவருக்குத் தனியாக என்ன பயிற்சி?

ஸ்டாஃப் நர்ஸ், கிராம சுகாதார செவிலியர் போன்றோருக்காக மத்திய அரசு வகுத்துள்ள ‘திறன்மிகு பிரசவ உதவியாளர்’ பயிற்சி 21 நாள்கள். பிரசவங்கள் அதிகம் நடக்கும் மருத்துவமனையில் தங்கி, கையால் செய்து பழக வேண்டும். வலி எடுத்ததிலிருந்து கருப்பை வாய் எவ்வளவு திறக்கிறது, குழந்தையின் இதயத் துடிப்பு எப்படி என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். ‘பார்ட்டோகிராஃப்’ என்பது அந்தத் தாளின் பெயர். கோடு எல்லையைத் தாண்டினால், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப முடிவெடுக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்ற தயக்கத்துக்கு அந்தக் கோடு இடம் கொடுக்காது.

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி, நஞ்சுக்கொடியை முறையாக வெளியே எடுப்பது, கருப்பை கல் மாதிரி இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது... இவையும் பாடத்தில் உண்டு. ரத்தக்கொதிப்பு ஏறி வலிப்பு வந்த தாய்க்கு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் மெக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் டோஸைப் போடவும் நர்ஸுக்கு அனுமதி இருக்கிறது. ஊசி அலமாரியில் இருந்தும் போடத் துணிச்சல் இல்லையென்றால் என்ன பயன்? அந்தத் துணிச்சலைத் தருவதும் பயிற்சிதான்.

இதில் ஆச்சர்யமான விஷயம், ரத்தத்தை அளப்பது. பிரசவத்துக்குப் பிறகு 500 மில்லிக்கு மேல் போனால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால், துணியிலும் தரையிலும் பரவிக் கிடப்பதைப் பார்த்து அரை லிட்டரா, ஒரு லிட்டரா என்று சொல்வது கஷ்டம். அனுபவசாலிகளின் கண்கூட குறைத்தே மதிப்பிடுகிறது. 2023-ல் வெளியான ‘இ-மோட்டிவ்’ ஆய்வு இதற்கு எளிய வழி காட்டியது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் வைத்தார்கள். ரத்தம் கோட்டைத் தொட்டதும், கருப்பையைத் தேய்த்துவிடுவது, மருந்து, டிரிப்ஸ், பரிசோதனை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் தொடங்கினார்கள். கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவிகிதம் குறைந்தன. புதுக் கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஒரு விரிப்பும், பழக்கப்பட்ட கைகளும் போதுமாக இருந்தன.

சிசுவுக்கு வருவோம். பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு, பிறந்தவுடன் மூச்சுவிட ஏதாவது உதவி தேவைப்படலாம். 2009-ல் தொடங்கிய ‘நவஜாத் சிசு சுரக்‌ஷா’ திட்டத்தில் இதற்கென்றே இரண்டு நாள் பயிற்சி உண்டு. வெதுவெதுப்பான துணியால் துடைப்பது, ஈரத்துணியை உடனே மாற்றுவது, முதுகை மெல்லத் தேய்ப்பது. அப்போதும் அழவில்லையா? முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, பையை அழுத்திக் காற்று கொடுக்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. எல்லாம் அந்த முதல் நிமிடத்துக்குள் தொடங்கியாக வேண்டும். ‘பொன் நிமிடம்’ என்று சும்மா சொல்லவில்லை. தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டுவதெல்லாம் பழைய சினிமாவோடு போகட்டும்.

இதையெல்லாம் பொம்மையை வைத்துத்தான் பழகுகிறார்கள். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சைக்கிள் மாதிரி இது ஒருமுறை கற்றால் மறக்காத வித்தை இல்லை. மாஸ்க்கைச் சரியாகப் பொருத்துவது, சில மாதங்கள் கை படாமல் இருந்தாலே தடுமாறும். அதே தேசிய ஆய்வில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவிகிதம் சிசேரியன். சிசேரியன் பெரிய மருத்துவமனையில் நடப்பது. அப்படியென்றால் சிறிய சுகாதார நிலையத்து நர்ஸின் கைக்கு வரும் பிரசவங்கள் குறையும். சிக்கலான பிரசவம் இன்னும் அபூர்வம். அபூர்வமாக வருவதற்குத்தானே அதிகம் பழக வேண்டும்? ஆனால், ‘பயிற்சி முடித்தவர்கள்’ என்ற கட்டத்தில் டிக் அடித்ததும் கணக்கு முடிந்துவிடுகிறது. வாரத்துக்குப் பத்து நிமிடம் அந்தப் பொம்மையை வெளியே எடுத்தால், சான்றிதழைவிட அதிகம் உதவும்.

கிராம சுகாதார செவிலியரின் பாடு இன்னொரு வகை. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, பதிவேடு, கணினிப் பதிவு, கர்ப்பிணிகள் பட்டியல் எல்லாம் அவர் தலையில். இதில் நம் வழக்கம் வேறு சேர்ந்துகொள்கிறது. வளைகாப்பு முடிந்து தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வருவார்கள். திருப்பூரிலோ சென்னையிலோ ஏழு மாதம் பரிசோதனை செய்துகொண்ட பெண், எட்டாவது மாதம் அன்னவாசல் பக்கம் வந்து இறங்குவார். இங்கிருக்கும் செவிலியருக்கு அவர் புது முகம். வந்த வாரமே போய், பதிவு எண்ணையும் பரிசோதனை அட்டையையும் காட்டிவிடுவது நல்லது.

அடுத்த கட்டமாக, 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், நர்ஸுகளுக்கு 18 மாத மகப்பேறு சிறப்புப் பயிற்சி தந்து, இயல்பான பிரசவங்களை அவர்களே முன்னின்று பார்க்க வழி செய்கின்றன. தெலங்கானா 2017-லேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. பிரசவிக்கும் பெண்ணிடம் மரியாதையாகப் பேசுவதும் இந்தப் பாடத்தில் ஒரு பகுதி. பிரசவ அறையில் திட்டு வாங்காத அம்மாக்கள் நம் தெருவில் எத்தனை பேர் என்று விசாரித்தால், இது ஏன் பாடமானது என்று புரியும்.

குடும்பத்தார் பங்கும் உண்டு. சுகப்பிரசவம் ஆயிற்றே என்று மறுநாளே கிளம்ப அவசரப்பட வேண்டாம். 48 மணி நேரம் இருக்கச் சொல்வது காரணத்தோடுதான். சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் தொடுவது எதுவும் தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போதும். நாப்கின் சீக்கிரம் நனைந்துகொண்டே இருந்தால், கண் மங்கலாகத் தெரிந்தால், தலைவலி விடாமல் இருந்தால், காய்ச்சல் அடித்தால், ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ அதேதான். வீட்டுக்கு வந்தபிறகும் 42 நாள்கள் வரை இந்தக் கவனம் வேண்டும். அவசரத்துக்கு 108, சந்தேகம் கேட்க 104.